‘காணேல்ல’ எண்டு சொன்னதுக்கு ஒரு விசாரணை

எங்கள் வட்டத்தில் ஒரு தோழி இருக்கிறாள். பேசாலைக்காரி. மன்னார் ரவுணில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை, பேசாலையிலிருந்து ரவுணுக்கு வரும் பஸ்ஸில் அவளுடைய போன் இல்லாமல் போனது. ஏறும்போது பையின் வெளி அறையில் இருந்தது. பஸ் நிலையத்தில் இறங்கிப் பார்த்தால் பை திறந்து கிடக்கிறது, போன் இல்லை. திங்கட்கிழமைக் காலைப் பஸ் எப்படி இருக்கும் என்று தலைமன்னார் வீதியில் போய் வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. யாருடைய கை யாருடைய பைக்குள் இருக்கிறது என்றே தெரியாது.

அந்தப் போன் தவணைக்கு வாங்கினது. தவணை பாதிகூட முடியவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் பாய்ந்த பிறகு எங்களைப் போன்றவர்களுக்குப் போன் என்பது நினைத்த நேரம் வாங்கும் சாமான் இல்லை. அதனால்தான் கடையில் “களவுக்கும் உடைவுக்கும் காப்புறுதி இருக்கு மிஸ், கொஞ்சக் காசுதான் கூட” என்று சொன்னபோது அவள் தலையாட்டினாள். அந்தக் கொஞ்சக் காசை மாதாமாதம் கட்டியும் வந்தாள்.

அண்டைக்கே சிம்மை நிப்பாட்டினாள். பின்னேரமே பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாடும் கொடுத்தாள். அங்கே இருந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், தமிழும் ஓரளவு விளங்கியது. ஆனால் எழுதினது சிங்களத்தில். “சேர், பஸ்ஸில போனைக் காணேல்ல. பாக் திறந்து கிடந்தது” என்று இவள் சொன்னாள். அவர் எழுதினார். இவள் கையெழுத்து வைத்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. நாங்கள் யாராவது கேட்டிருப்போமா? பொலிஸ் நிலையத்தில் கதிரை தந்து இருக்கச் சொன்னாலே பாதிப் பயம் போன மாதிரி எங்களுக்கு.

அடுத்த நாள் காப்புறுதிப் படிவம். அது ஆங்கிலத்தில். கடையில் நிற்கும் தம்பிதான் நிரப்பினான். படிவத்தில் இரண்டு பெட்டிகள் மட்டும்: ஒன்று உடைவு, மற்றது களவு. அவன் களவுக்குச் சரி போட்டான். அவள் அதிலும் கையெழுத்து வைத்தாள்.

மூன்று கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு அழைப்பு. அம்மாவின் போனுக்கு. “மிஸ், நீங்க பொலிஸ்ல தொலைஞ்சிடுச்சுன்னு சொல்லியிருக்கீங்க. எங்ககிட்ட களவுன்னு சொல்றீங்க. எது உண்மை?” பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தது யார்? ஏன் உடனே கத்தவில்லை? தவணை கட்டக் கஷ்டமாக இருந்ததா? போனை யாருக்காவது கொடுத்தீர்களா? அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒரே கேள்வியை மூன்றாம் தரம் வேறு மாதிரிக் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் அந்தப் பக்கம் இருந்தவர் எங்காவது குறித்து வைத்திருப்பார் என்று நினைக்கிறோம்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. முரணான தகவல்கள் தரப்பட்டிருப்பதால் கோரிக்கை மேலதிக விசாரணையில் இருப்பதாகவும், பொய்யான கோரிக்கைகள் சட்ட நடவடிக்கைக்கு உள்ளாகும் என்றும் ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குப் பிறகு ஒருவர் மோட்டார் சைக்கிளில் பேசாலைக்கே வந்தார். அவள் வேலை செய்யும் கடையிலும், வீட்டுக்குப் பக்கத்திலும் விசாரித்தார். “இந்தப் பிள்ளை எப்பிடி? காசுக் கஷ்டம் இருக்கோ?” அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது ஒரு அன்ரி கேட்டாராம்: “என்ன பிள்ளை, போனை வித்துப்போட்டுக் களவு எண்டு காசு கேட்டனியாமே?”

நாங்கள் இதை எழுதுவதற்கு முக்கியக் காரணம் அந்த அன்ரி கேட்ட கேள்விதான். போன் போனது ஒரு நட்டம், பொறுக்கலாம். ஆனால் சின்ன ஊரில் ஒரு பெண்ணின் பெயரோடு ‘கள்ளம்’ என்ற சொல் ஒருமுறை ஒட்டினால் அதைக் கழற்றுவது லேசில்லை. அவளுக்கு அடுத்த மாதம் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. நற்சான்றுக்குக் கடை முதலாளியிடம் போக வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு கிழமை இழுத்தாள்.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு கம்பனியைத் திட்டித் தீர்ப்பது எங்கள் நோக்கம் இல்லை. அந்தக் கம்பனி இல்லாவிட்டால் இன்னொன்று இதையேதான் செய்திருக்கும். எங்களுக்குச் சொல்ல இருப்பது ஒரு விஷயம்தான்: இரண்டு தாளில் இரண்டு சொல் இருப்பது பொய் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

பொலிஸ் பதிவின் பிரதியை எடுத்து, சிங்களம் நன்றாக வாசிக்கும் ஒரு நண்பரிடம் கொடுத்தோம். அவர் வாசித்துக் காட்டினார். அதில் இருந்த சொல் ‘நெத்திவுணா’. தொலைந்துபோனது, இல்லாமல் போனது என்று அர்த்தம். களவுக்குச் சிங்களத்தில் ‘ஹொரகம்’ என்று வேறு சொல் இருக்கிறது. அதை அவர் எழுதவில்லை. அந்த உத்தியோகத்தரிலும் பிழை சொல்ல முடியாது. ‘காணேல்ல’ என்று இவள் சொன்னாள், அவர் அதைத் தன் மொழியில் எழுதினார்.

ஆனால் எங்கள் ஊர்ப்பேச்சில் ‘காணேல்ல’ என்றால் என்ன? ஆட்டைக் கள்ளன் பிடித்துக்கொண்டு போனாலும் “ஆட்டைக் காணேல்ல” என்றுதான் சொல்வோம். கரையில் வைத்த வலையை யாரோ தூக்கினாலும் “வலையைக் காணேல்ல”. கண்ணால் பார்க்காத ஒன்றைப் பற்றி ஒருவரைக் கள்ளன் என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பேசும் பேச்சு அது. போனது மட்டும் தெரியும், எடுத்தவரைத் தெரியாது. அந்த நேர்மையான சொல் சிங்களத்துக்குப் போய் ‘தொலைந்தது’ ஆனது. ஆங்கிலப் படிவத்துக்குப் போய், இரண்டே பெட்டி இருந்ததால், ‘களவு’ ஆனது. கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தபோது ‘முரண்’ ஆனது. மறுபடி பேசாலைக்கு வந்தபோது ‘மோசடி’ ஆகிவிட்டது. இந்த முழுப் பயணத்திலும் அவள் சொன்னது ஒரே ஒரு வசனம்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். காப்புறுதியில் கள்ளம் செய்கிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். நாங்களும் இதே தீவில்தான் இருக்கிறோம். போனைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு “விழுந்து போச்சு” என்று புதுப் போன் எடுத்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னவர்களை எங்களுக்கும் தெரியும். அப்படிப் போகிற காசு கம்பனி முதலாளியின் சட்டைப்பையிலிருந்து போவதில்லை, மற்ற எல்லாரும் கட்டும் கட்டணத்திலிருந்துதான் போகிறது. ஆகவே கேள்வி கேட்பது தப்பில்லை. கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் கேட்பது வேறு, சந்தேகிப்பது வேறு. ‘இந்த இரண்டு தாளும் ஒத்துவரவில்லை, ஏன் என்று விளக்குவீர்களா?’ என்பது கேள்வி. ‘எது உண்மை?’ என்று தொடங்கினால், பதில் வருவதற்கு முதலே ஒன்று பொய் என்று முடிவு கட்டியாகிவிட்டது. முதலாவதைக் கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும்.

காப்புறுதிக்காரர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு நெறி இருக்கிறது: காப்புறுதி ஒப்பந்தம் அதியுயர் நம்பிக்கையின் மேல் நிற்பது. வாங்குகிறவர் எதையும் மறைக்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. சரி. ஆனால் அந்த நெறி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஒரு சுவாரசியமான வழக்கு கிடைக்கிறது. சுமாத்திராவில் மார்ல்பரோ கோட்டை என்று ஆங்கிலேயரின் கோட்டை ஒன்று இருந்தது. அதன் ஆளுநர் கார்ட்டர், எதிரி கோட்டையைப் பிடித்தால் வரும் நட்டத்துக்கு லண்டனில் காப்புறுதி எடுத்திருந்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் பிடித்துவிட்டார்கள். காப்புறுதி கொடுத்த போம் என்பவர், கோட்டை எவ்வளவு பலவீனமானது என்பதைக் கார்ட்டர் மறைத்துவிட்டார் என்று சொல்லிக் காசு தர மறுத்தார். 1766இல் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்புச் சொன்னார். நல்லெண்ணக் கடமை இரண்டு தரப்புக்கும் உண்டு. காப்புறுதிக்காரர் தனக்குத் தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தைக் கேட்காமல் கட்டணத்தை வாங்கிவிட்டு, நட்டம் வந்த பிறகு அதைக் காரணம் காட்டித் தப்ப முடியாது. வழக்கில் வென்றது கோரிக்கை வைத்த கார்ட்டர்தான்.

இன்றைக்கு எங்களைப் போன்றவர்களின் முகத்துக்கு முன்னால் நீட்டப்படும் அந்த நெறி, காப்புறுதிக்காரர் தோற்ற வழக்கில்தான் நிலைநாட்டப்பட்டது. நம்பிக்கை ஒருவழிப் பாதை இல்லை. படிவத்தில் இரண்டே பெட்டி வைத்தவரும், அந்தப் படிவத்தைத் தமிழில் தராதவரும்கூட நம்பிக்கையோடு நடக்கக் கடமைப்பட்டவர்கள்தான். மோசடி என்று ஒருவர் குற்றம் சாட்டினால் அதை நிரூபிக்க வேண்டியவரும் அவரே. எங்கள் நாட்டின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்திலும் பொது விதி இதுதான்: ஒன்றை உண்டு என்று சொல்பவர் அதை எண்பிக்க வேண்டும். ‘நான் கள்ளி இல்லை’ என்று நிரூபிக்கும் வேலையை எங்கள் தோழியின் தலையில் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

பக்கத்து நாட்டிலும் இதே மாதிரியான ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குர்ஷிந்தர் சிங் என்பவரின் டிராக்டர் 2010 ஒக்டோபர் 28இல் களவு போனது. அன்றைக்கே பொலிஸில் பதிந்துவிட்டார். காப்புறுதிக் கம்பனிக்கு டிசம்பர் 15இல்தான் தெரிவித்தார். உடனே அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையை மீறிவிட்டார் என்று கம்பனி காசு தர மறுத்தது. 2020 ஜனவரியில் மூன்று நீதியரசர்கள் கொண்ட அமர்வு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பொலிஸில் உடனே பதிந்து, களவு உண்மை என்றும் தெரிந்த பிறகு, கம்பனிக்குச் சொல்லத் தாமதித்ததை மட்டும் வைத்துக் கோரிக்கையைத் தள்ள முடியாது என்பதுதான் அதன் சாரம். தாளில் இருக்கும் குறை வேறு, கோரிக்கை பொய்யாக இருப்பது வேறு. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருக்கு ஒன்பது வருஷத்துக்கு மேல் எடுத்தது.

இது ஏழை நாடுகளின் பிரச்சினை, அபிவிருத்தி அடைந்த நாடுகளில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நினைக்கிறவர்கள் நெதர்லாந்தைப் பாருங்கோ. அங்கே பிள்ளை பராமரிப்புக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகையில் மோசடி தேடினார்கள். ஒரு கையெழுத்துக் குறைந்தது, ஒரு சின்னத் தொகை கட்டப்படவில்லை என்பதற்கெல்லாம் ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர் ஆக்கப்பட்டு, வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கட்டும்படி விரட்டப்பட்டார்கள். பலர் வீடு இழந்தார்கள், குடும்பங்கள் பிரிந்தன. யாரை முதலில் சந்தேகிப்பது என்று தெரிவதற்கு இரட்டைக் குடியுரிமையும் ஒரு அடையாளமாகப் பாவிக்கப்பட்டது பிறகு வெளிவந்தது. கடைசியில் 2021 ஜனவரி 15இல் அரசாங்கமே பதவி விலகியது.

பிரித்தானியாவில் நடந்தது இன்னும் பெரிசு. தபாலகக் கணினி முறைமையான ‘ஹொரைசன்’ கணக்கைப் பிழையாகக் காட்டியது. உப தபாலகங்களை நடத்தியவர்கள் களவெடுத்தார்கள் என்று 1999 முதல் 2015 வரை வழக்குகள் நடந்தன. 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். அதில் ஒருவர் சீமா மிஸ்ரா. 2010இல் வயிற்றில் பிள்ளையோடு சிறைக்கு அனுப்பப்பட்டார். 2021இல்தான் அவருடைய தீர்ப்பு இரத்தானது. இந்தக் கதையில் எங்களைத் தொட்ட இடம் ஒன்று இருக்கிறது. உதவி கேட்டு அழைத்த பலரிடம் ‘இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான் வருகிறது’ என்று சொல்லப்பட்டது. ஆளுக்கு ஆள் தனித்தனியாக வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டார்கள். அலன் பேட்ஸ் போன்றவர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்து, 555 பேர் ஒன்றாக நீதிமன்றம் போன பிறகுதான் பிழை கணினியில் என்று தெரிந்தது.

எங்கள் தோழியும் முதலில் எங்களிடம் சொல்லவில்லை. வெட்கம். நாங்களாக அறிந்து கேட்ட பிறகுதான் சொன்னாள். அவள் சொல்லத் தொடங்கியதும் எங்கள் கூட்டத்திலேயே இன்னும் இரண்டு பேர், “எங்கட வீட்டிலயும் இப்பிடி ஒண்டு நடந்தது” என்றார்கள். ஒன்று மோட்டார் சைக்கிள் காப்புறுதி, மற்றது மீன்பிடிப் படகு இயந்திரம். இருவரும் கோரிக்கையைக் கைவிட்டுவிட்டார்கள். சந்தேகத்தின் வேலையே அதுதான். பொய் சொன்னவரைப் பிடிப்பதை விட, உண்மை சொன்னவரைக் களைக்க வைத்து வீட்டுக்கு அனுப்புவதில் அது கெட்டித்தனம்.

இப்போது கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டிய இடத்துக்கு வருகிறோம். ஒரு போனையும் உயிர்களையும் நாங்கள் ஒப்பிடவில்லை. ஆனால் எழுதப்படாத ஒரு பழக்கம் எங்கள் மண்ணில் இருக்கிறது, அது பெரிய விஷயத்திலும் சின்ன விஷயத்திலும் ஒரே உருவத்தில் வருகிறது. நாங்கள் சொல்வது எங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதப்படும். அதில் நாங்கள் கையெழுத்து வைப்போம். பிறகு அந்தத் தாள் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அது பிழை என்று நிரூபிக்க வேண்டியதும் நாங்களே.

நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இதற்கு மிகக் கொடூரமான உதாரணம். 1993இல் கைதுசெய்யப்பட்டார். தமிழ் மட்டும் தெரிந்த அவருடைய பெருவிரல் அடையாளம் சிங்களத்தில் தட்டச்சு செய்த குற்ற ஒப்புதலில் வைக்கப்பட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி, அந்த ஒப்புதல் வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் சுமை அவர்மேலேயே விழுந்தது. 1995இல் 50 வருடச் சிறை விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 ஆனது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு, அந்தச் சுமையை அவர்மேல் போட்டது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்று சொன்னது. இலங்கை உயர் நீதிமன்றம் 2006இல் அதை ஏற்க மறுத்தது.

எருக்கலம்பிட்டியிலிருந்து எங்களோடு இருக்கிற நண்பன் இதற்கு இன்னொரு பக்கம் சொன்னான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவன்ர உம்மா வாப்பாவும் புத்தளத்துக்குப் போனவர்கள். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது, “நீங்கள் உண்மையா இந்த ஊரா? அங்கயும் பதிஞ்சு இங்கயும் பதியிறியளா?” என்ற கேள்விதான் முதலில் வந்ததாம். பிறந்த ஊரில் நின்றுகொண்டு, நான் ஏமாற்றுக்காரன் இல்லை என்று தாள் காட்ட வேண்டிய நிலை. மன்னாரில் எல்லாச் சமூகமும் ஏதோ ஒரு காலத்தில் அந்த வரிசையில் நின்றிருக்கிறது.

ஒரு சொல்லின் பாரமும் எங்களுக்குத் தெரியும். எங்கள் தாய்மார் வருடக்கணக்காக வீதியில் நின்று ‘காணாமல் போனோர்’ இல்லை, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று திருத்திச் சொல்கிறார்கள். போனது வேறு, ஆக்கப்பட்டது வேறு. அந்த வித்தியாசத்துக்காகப் போராடும் ஊரில், ஒரு பிள்ளை சொன்ன ‘காணேல்ல’யை எழுதும்போது “தொலைந்ததா, எடுத்ததா, எதைச் சொல்கிறாய்?” என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே எங்களுக்குச் சில கோரிக்கைகள் இருக்கின்றன. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

முதலாவது, மொழி. தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரசகரும மொழி. 1988 திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும் தமிழ்தான். மன்னாரில் பொலிஸ் முறைப்பாடு தமிழில் எழுதப்படுவது சலுகை இல்லை, உரிமை. காப்புறுதி விற்கும்போது தமிழில் இனிக்க இனிக்கப் பேசும் கம்பனி, கோரிக்கைப் படிவத்தையும் தமிழில் தரட்டும்.

இரண்டாவது, முரண் என்று ஒன்றைக் கண்டால் முடிவெடுப்பதற்கு முதல் அதை உரியவரிடம் எழுத்தில் காட்டி விளக்கம் கேட்க வேண்டும். மிரட்டல் வசனம் முதல் கடிதத்திலேயே வரக் கூடாது.

மூன்றாவது, ஊருக்குள் வந்து விசாரிப்பது. போன் போனதைப் பற்றிப் பஸ் நடத்துநரிடம் கேளுங்கள், பொலிஸிடம் கேளுங்கள். “இந்தப் பிள்ளை எப்பிடி?” என்று அயலட்டையில் கேட்பது விசாரணை இல்லை. அது தண்டனை, தீர்ப்புக்கு முதலே.

இது எல்லாம் நடக்கும் வரைக்கும் நாங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. இந்த அனுபவத்தில் நாங்கள் படித்தது இது. போன் வாங்கிய அன்றைக்கே *#06# அழுத்தி, வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ; பெட்டியையும் பில்லையும் எறியாதைங்கோ. காப்புறுதி களவுக்கு மட்டுமா, தொலைந்தாலும் உண்டா, எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று வாங்கும்போதே கேளுங்கோ. பொலிஸில் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கோ. முடியாது என்றால் எழுதியதை வாசித்து விளக்கிய பிறகுதான் கையெழுத்து. படிவத்தைக் கடைக்காரத் தம்பி நிரப்பட்டும், ஆனால் என்ன நடந்தது என்ற பகுதியை உங்கட சொல்லில் நீங்களே எழுதுங்கோ, தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. தொலைபேசியில் கேட்டால், கேள்வியை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கோ. மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கோ.

அதற்குப் பிறகும் தீராவிட்டால் முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு. அடுத்தது 2005 முதல் இயங்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன். அங்கே முறையிட வழக்கறிஞர் தேவையில்லை. இவர்களுக்கு மேல், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. இந்தப் பெயர்களைக் கடிதத்தின் அடியில் ‘பிரதி’ என்று போட்டாலே பல மேசைகளில் கோப்பு நகரத் தொடங்கும். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

நாங்கள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். பொலிஸ் பதிவின் பிரதி, அதன் தமிழ் மொழிபெயர்ப்பு, ‘காணேல்ல’ என்ற சொல்லுக்கு நான்கு வரி விளக்கம், பிறகு ஒரு கேள்வி: எங்கள் தோழி பொய் சொன்னாள் என்பதற்கு, இந்த இரண்டு சொல்லைத் தவிர உங்களிடம் வேறு என்ன ஆதாரம் இருக்கிறது? ஐந்து கிழமை கழித்துப் பணம் வந்தது. கூடவே இரண்டு வரிக் கடிதம். இந்தக் கொடுப்பனவு ‘நல்லெண்ண அடிப்படையில்’ வழங்கப்படுகிறது என்று இருந்தது.

அவள் அதைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். “நல்லெண்ணமாம். அப்ப நான் சொன்னது உண்மை எண்டு இன்னும் ஒத்துக்கொள்ளேல்லத்தானே?” என்றாள். உண்மைதான். ஒப்பந்தப்படி அவளுக்குச் சேர வேண்டிய காசு, அவள் மாதாமாதம் கட்டி வாங்கிய உரிமை, பிச்சை போட்ட மாதிரி வந்திருக்கிறது. மன்னிப்பு இல்லை. ஊருக்குள் வந்து விசாரித்த ஆள் திரும்பி வந்து “அந்தப் பிள்ளையில பிழை இல்லை” என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை.

அதனால் மறுபடி எழுதியிருக்கிறோம். இந்த முறை காசு கேட்டு இல்லை. ‘உங்கள் கோரிக்கை உண்மையானது என ஏற்றுக்கொள்கிறோம்’ என்ற ஒரு வசனத்தை, தமிழில், கையெழுத்தோடு கேட்டு. வந்தால் அதைக் கடை முதலாளிக்கும், பூசை முடிந்து கேட்ட அன்ரிக்கும் அவளே கொண்டுபோய்க் காட்டப் போகிறாளாம். உங்களிடமும் இப்படி விளங்காத மொழியில், மிரட்டும் தொனியில் ஒரு கடிதம் இருந்தால் லாச்சிக்குள் வைத்திருக்காதைங்கோ. கொண்டு வாங்கோ, சேர்ந்து வாசிப்பம்.